அட்டை அடிக்காத முகம்

“அழிக்கிறதுக்கு முதல் ஒருக்கால் எங்களைக் கேக்கச் சொல்லி அதுக்கு எழுதிவை பிள்ளை” என்று யாகப்பர் சொல்லியிருந்தார். துசாந்தினி அப்படியே எழுதிவைத்தாள். அதுவும் கேட்டது. பதினோராயிரத்துச் சொச்சம் வரிகளில் கேட்டது.

அது மாசி மாதம். யாகப்பரின் ஸ்ரூடியோ மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு அறை. ஒன்றில் படம் எடுப்பார்கள். மற்றதில் துசாந்தினி இருந்து வீடியோக்களை வெட்டி ஒட்டுவாள். நானாட்டானிலிருந்து காலை பஸ்ஸில் பாலம் கடந்து வந்து, பின்னேர பஸ்ஸில் திரும்புகிறவள். அந்தக் கதிரையில் ஆறு வருடமாக இருக்கிறாள். மன்னார்த் தீவில் பாதிப்பேரின் முகம் அவளுக்குத் தெரியும். யார் சிரிக்கும்போது வாயைப் பொத்துவார், யார் அழப்போகிறதற்கு முதல் மூக்கைத் தடவுவார் என்பதெல்லாம் பாடம். அவர்களுக்கு அவளைத் தெரியாது. தெருவில் எதிர்ப்பட்டால் அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போவாள். ஒருவரைப் பற்றி அவ்வளவும் தெரிந்துவைத்துக்கொண்டு என்னவென்று கதையைத் தொடங்குவது?

பதின்மூன்று வருடத்துக் கலியாணம், முதல்நன்மை, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் அலுமாரியில் டிஸ்க்குகளாக இருந்தன. உப்புக்காற்று அதில் இரண்டைத் தின்ற பிறகு, யாகப்பர் பயந்துபோய் எல்லாவற்றையும் கணினியோடு இணைத்த ஒரு பெரிய சேமிப்புப் பெட்டிக்குள் மாற்றச் சொன்னார். அந்தப் பெட்டியும் தை மாதத்தோடு முட்டிவிட்டது. கோயிலில் எடுத்த ஒரு முதல்நன்மையைக் கொண்டுவந்து ஏற்றப் போனால், இடமில்லை என்று திருப்பி அனுப்பியது.

இணையத்தில் ஒரு ஸ்கிரிப்ட், கணினிக்கு எழுதுகிற சின்னக் கட்டளைத் தொகுப்பு, கிடந்தது. எந்த நாட்டிலோ, வீட்டில் சினிமாப் படங்களைச் சேர்த்துவைக்கிற யாரோ ஒருவன் எழுதியது. படத்தைப் பார்த்து முடித்து அழித்த பிறகும் அந்தக் கோப்புறைக்குள் வசனக் கோப்புகள், சின்னப் படங்கள் என்று சில்லறைகள் மிஞ்சிக் கிடக்குமல்லவா, அவற்றைத் தேடிக் கூட்டி அள்ளுகிற ஸ்கிரிப்ட். நாற்பது வரிதான். துசாந்தினி அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்றமாதிரித் திருப்பி எழுதினாள். ஸ்ரூடியோவில் முடிந்த படம் எஞ்சுவதில்லை, அதை வீட்டுக்காரர் கொண்டுபோய்விடுவார்கள். எஞ்சுவது முடிந்த படத்துக்குள் சேராத துண்டுகள். ஆடின கமெரா, இருட்டடித்த முகம், சாப்பிடுகிற வாய். முடிந்த படத்தில் இல்லாத துண்டு, இரண்டு வருடம் தாண்டியது, ஒருவரும் கேட்டு வராதது என்றால் அழி. இதுதான் அவள் எழுதின விதி.

“அப்ப செத்த ஆக்கள்?” என்று யாகப்பர் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒருவர் மோசம்போனால் மூன்றாம் நாளே யாராவது மூச்சிரைக்கப் படியேறி வருவார்கள். எங்கட அப்பா இன்னாரின்ர கலியாணத்தில நிண்டவர், நல்லதாய் ஒண்டு எடுத்துத் தாங்கோ என்பார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு, முகமும் பெயரும் தேதிகளும் போட்டு நினைவட்டை அடிக்க வேண்டும். கத்தோலிக்கரோ சைவக்காரரோ, அட்டை இல்லாமல் அங்கே யாரும் செத்து முடிவதில்லை. அட்டைக்குரிய முகம் அநேகமாக அந்தக் கழித்துப்போட்ட துண்டுகளுக்குள்தான் இருக்கும். முகத்தைக் கொடுத்தால் பெட்டி முழுக்கத் தேடிக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை அதற்காகவே போட்டிருந்தார்கள்.

ஆகவே துசாந்தினி இன்னும் பத்தொன்பது வரி எழுதினாள். ஸ்ரூடியோவில் அட்டை அடித்த எல்லாருடைய முகங்களும் ஒரு பட்டியலில் உண்டு. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு துண்டையும் தொடுவதற்கு முதல் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள ஒரு முகம் அந்தத் துண்டில், பின்னுக்கு, மங்கலாக நின்றால்கூட அதைக் கைவைக்காமல் விட்டுவிட வேண்டும். எழுதி முடித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு இது தோன்றியிருக்காது. செத்தவர்களைத் தொடாத ஒரு விளக்குமாறு.

“உயிரோட இருக்கிற எங்களை அழிச்சுப்போட்டுச் செத்த ஆக்களை வைச்சிருக்கப் போகுது உன்ர சாமான்” என்று யாகப்பர் சிரித்தார்.

“உயிரோட இருக்கிற ஆக்களைத் திரும்ப எடுக்கலாம்தானே அண்ணை.”

“அதுவும் சரிதான்.”

முதலில் வெள்ளோட்டம் விட்டாள். எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் தருகிற ஓட்டம். அதுதான் அந்தப் பதினோராயிரம் வரி. முதல் ஆயிரத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு பத்துக்கு ஒன்று. பிறகு பெயரை மட்டும். மூன்றாம் நாள் யாகப்பர் முசலியில் ஒரு கலியாணத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “வாசிச்சு முடிச்சிட்டியோ?” என்றார். ஓம் என்றாள். திரையின் அடியில் ‘ஓம்’, ‘இல்லை’ இரண்டும் இருந்தன. அழுத்தினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெட்டியில் பாதி வெறிதாகிவிட்டது. யாகப்பர் கீழே போய் மீன் வைத்த மாலுபாண் இரண்டு வாங்கிவந்து அவளுக்கும் ஒன்று கொடுத்தார்.

மார்த்தா வந்தது ஆனியில், சோளகக் காற்று அடிக்கத் தொடங்கின பிறகு.

அவள் பேசாலைக்காரி. அறுபது இருக்கும். கூட மருமகள் றஞ்சிதா வந்திருந்தாள். மார்த்தா கதிரையில் இருக்கவில்லை. கணினித் திரையையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்பாஸின்ர கலியாணம் நீங்கள்தானே பிள்ளை எடுத்தது?”

“ஓம் அம்மா. நாலு வருசத்துக்கு மேல.”

“அதில என்ர மகன் நிக்கிறான். றொகான். அவனை ஒருக்கால் பாக்க வேணும்.”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். சொன்னாள் என்றும் இல்லை. அவள் ஒன்று சொல்லி நிறுத்துவாள், றஞ்சிதா மிச்சத்தைச் சொல்லுவாள். இன்பாஸின் கலியாணம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, றொகான் தனியே கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் தலைமன்னாருக்கு அங்கால், மணல் தீடைக்குப் பக்கத்தில் படகு மட்டும் கிடந்தது. இஞ்சின் தூக்கி வைத்தபடி இருந்தது. சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் இருந்தது. ஆளைக் காணவில்லை. இந்தியப் பக்கத்துச் சிறையில் பேசாலைப் பெடியன் ஒருவன் இருக்கிறான் என்று அங்கிருந்து விடுபட்டு வந்த யாரோ ஒருமுறை சொன்னான். அந்த ஒரு சொல்லோடு மார்த்தா நாலு வருடம் இருந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை இல்லை. சேமக்காலையில் சிலுவை இல்லை. அட்டை இல்லை. இருக்கிறவனுக்கு ஆராவது அட்டை அடிப்பினமோ?

இப்போது றஞ்சிதாவின் தமையன் அவளையும் பிள்ளைகள் இரண்டையும் வெள்ளாங்குளத்துக்கு வந்து இருக்கச் சொல்கிறான். அதற்குக் கடுதாசி எடுக்க வேண்டும், பிள்ளைகளின் தகப்பன் இல்லை என்பதற்கு. கடுதாசி தருகிற கந்தோரில் ஒரு அட்டையும் சேர்த்துக் காட்டினால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மார்த்தா நாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, “சரி, அடிப்பம். அவனை ஒருக்கால் பாத்துப்போட்டு அடிப்பம்” என்று சொல்லியிருந்தாள்.

“போனில ரெண்டு படம் இருக்கு அக்கா” என்றாள் றஞ்சிதா. “கதைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை. வீடியோ எல்லாம் அவற்ர போனில. அது அவரோட போயிட்டுது.”

“கமெராவைக் கண்டால் ஒளிக்கிறவன்” என்றாள் மார்த்தா. “அண்டைக்குச் சோத்துக் கோப்பையோட அகப்பட்டிட்டான். உங்கட கமெராக்காரர், அம்மாவுக்கு ஒண்டு சொல்லு எண்டு கேட்டவர். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு என்னவோ சொன்னவன். ஸ்பீக்கர்ப் பாட்டுச் சத்தத்தில எனக்குக் கேக்கேல்லை. பிறகு கேப்பம் எண்டு விட்டிட்டன்.”

“நாலு வருசமாய் ஏன் வரேல்லை அம்மா?”

மார்த்தா அந்தக் கேள்வியை விளங்காதவள் போலப் பார்த்தாள். “இஞ்ச இருக்குதுதானே” என்றாள்.

துசாந்தினிக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. அவன் போட்டிருந்த நீலச் சேட்டு. மீசையில் ஒட்டின அப்பளத்துகள். சாப்பிடுகிறவர்களைப் போடக் கூடாது என்று மாப்பிள்ளையின் மாமன் சொல்லியிருந்ததால் அவளே வெட்டிக் கழித்தது. வியாழக்கிழமை வாங்கோ, தேடி வைக்கிறன் என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவள் திரையைத் தொடவில்லை.

பிறகு தேடினாள். தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஸ்கிரிப்ட் தான் அழித்ததையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிவைத்திருந்தது, அப்படி எழுதிவைக்கச் சொன்னவளும் அவள்தான். ஏழாயிரத்து நூறாவது வரியை அண்டிய இடத்தில் அது இருந்தது. இன்பாஸ் கலியாணம், மத்தியானச் சாப்பாடு, நூற்று நாற்பத்தேழாவது துண்டு, நாற்பத்தொரு வினாடி. அழிக்கப்பட்டது. பட்டியலில் உள்ள முகம் எதுவும் இல்லை.

அழிந்ததை மீட்கிற மென்பொருள்கள் மூன்றை வியாழன்வரை இருந்த மூன்று நாளும் ஓட்டினாள். பெட்டி வெறிதான கையோடு முசலிக் கலியாணத்தை ஏற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று முதல்நன்மை. ஒரு மென்பொருள் மட்டும் அந்த நாற்பத்தொரு வினாடியில் ஏதோ ஒரு கீலத்தைப் பிடித்துத் தந்தது. திறந்தால் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள். சத்தமும் இல்லை. அதை அவள் பலமுறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

வியாழன் காலை யாகப்பர் படப்பிடிப்புக்குப் போன இடத்திலிருந்து போன் எடுத்தார்.

“உப்புத் திண்டிட்டுது எண்டு சொல்லு. டிஸ்க் பழுதாப்போச்சுது, கடவுளின்ர சித்தம் எண்டு சொல்லு. கடற்கரையில இருக்கிற சனம், உப்பு என்ன செய்யும் எண்டு அதுகளுக்குத் தெரியும். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்காயினம்.”

“பொய்தானே அண்ணை.”

“உண்மையைச் சொல்லி அந்த மனுசிக்கு என்ன கிடைக்கப்போகுது? உனக்குத்தான் கிடைக்கும்.”

அவர் வழக்கமாக இப்படிப் பேசுகிறவர் இல்லை. போனை வைத்த பிறகும் அந்த வசனம் அறைக்குள் நின்றது. சன்னலுக்குக் கீழே, மருந்துக்கடையின் நிழலில் ஒரு கழுதை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. ஒரு பெண் செருப்பைக் கழற்றி வீசுவதுபோல் பாவனை காட்டினாள். அது அசையவில்லை.

அவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். மார்த்தா கோயிலுக்கு உடுத்துகிற சீலை உடுத்தியிருந்தாள். இந்தமுறை தானாகவே கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு இருந்தாள். மூக்குக்கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

துசாந்தினி உண்மையைச் சொன்னாள். பெட்டி நிரம்பினதைச் சொன்னாள். மிஞ்சின துண்டுகளை அழிக்கிறதற்கு ஒன்றை எழுதினதைச் சொன்னாள். தான்தான் எழுதினது, தான்தான் அழுத்தினது, பட்டியலை ஒழுங்காக வாசிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. அந்த லேசு பிடிக்கவில்லை. இருந்தும் நிறுத்தவில்லை.

மார்த்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

“அழிச்சால் அது எங்க போகும் பிள்ளை?”

“ஒரு இடமும் போறேல்லை அம்மா. அது இருந்த இடத்தில வேற ஒண்டு வந்திரும்.”

“இப்ப அவன்ர இடத்தில ஆர் இருக்கினம்?”

துசாந்தினிக்கு அது தெரியும். அதையும் சொன்னாள். “முசலியில ஒரு கலியாணம். பர்ஸானா எண்டு கலியாணப் பொம்பிளை.”

“நல்ல சனமோ?”

“நல்ல சனம்.”

“இருக்கட்டும்” என்றாள் மார்த்தா. பிறகு, “எல்லாற்றையும்தான் அழிச்சதோ?” என்றாள்.

“இல்லை. செத்த ஆக்களின்ர ஒண்டையும் தொடேல்லை. அட்டை அடிச்ச எல்லாற்ற முகமும் எங்களிட்ட இருக்கு. அவை நிக்கிற துண்டுகளை விடச் சொல்லித்தான் எழுதினனான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு உறைத்தது. அவள் அந்தப் பத்தொன்பது வரியைத்தான் சொல்லியிருந்தாள். தன் பங்கில் நல்லதென்று இருந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லத் தோன்றியதால் சொல்லியிருந்தாள். றஞ்சிதா அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்பதுபோல். அதற்குள் மார்த்தாவின் யோசனை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

“அப்ப நான் அட்டை அடிச்சிருந்தால்?”

மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி, நின்று, மறுபக்கம் திரும்பியது. யாகப்பர் சொன்ன உப்பு இப்போது கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

“அம்மா, அப்பிடிச் சொல்லேலாது...”

“அடிச்சிருந்தால் இருந்திருக்கும். என்ன?”

“ஓம்.”

“முப்பத்தோராம் நாள் இவள் கேட்டவள்” என்று மார்த்தா றஞ்சிதாவைக் காட்டினாள். “பங்குச் சுவாமியும் கேட்டவர். நான்தான் அவனைச் சாக விடேல்லை.”

அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மௌனம் அவளுக்குப் பழக்கமானது. நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் மற்றவர்களின் சிரிப்பை வெட்டி ஒட்டுகிறவள் அவள். ஆனால் இந்த மௌனத்துக்குள் தன்னால் இருக்க முடியாது என்று கண்டாள்.

“நீ பாத்தனிதானே பிள்ளை?” என்றாள் மார்த்தா கடைசியில். “நீதானே வெட்டினனி. சத்தமும் கேட்டிருப்பாய். என்ன சொன்னவன்?”

நீலச் சேட்டு நினைவிருந்தது. அப்பளத்துகள் நினைவிருந்தது. சொல்லுவதற்கு முதல் நாடியைத் தூக்கினது நினைவிருந்தது. சொல் நினைவில்லை. அவள் வெட்டின ஆயிரம் வாய்களில் அதுவும் ஒன்று. உண்மை சொல்லி என்ன நடந்ததென்று இப்போதுதான் கண்டிருந்தாள். ஆகவே இந்தமுறை பொய் சொன்னாள்.

“அம்மா, நான் சாப்பிட்டன், நீங்களும் சாப்பிடுங்கோ எண்டு சொன்னவர்.”

மார்த்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் முதல்தரம் ஒரு சிரிப்பு வந்தது. கோபமில்லாத, களைத்த சிரிப்பு.

“அவன் என்னை அம்மா எண்டு கூப்பிடுறேல்லைப் பிள்ளை. தகப்பன் கூப்பிடுறதைப் பாத்துச் சின்னனிலயிருந்தே மார்த்தா எண்டுதான். ஊரே சிரிக்கும்.” எழுந்து கதிரையை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். “பரவாயில்லை. நீயும் என்ன செய்வாய்.”

வாசலில் நின்று, றஞ்சிதாவிடமோ துசாந்தினியிடமோ அல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

“அட்டை வேண்டாம். பாத்துப்போட்டு அடிப்பம் எண்டுதான் சொன்னனான். பாக்கேல்லைத்தானே.”

“மாமி” என்றாள் றஞ்சிதா.

“பாக்கேல்லைத்தானே.”

படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒருவரின் காலடி கீழே போனது. மற்றது பாதியில் நின்றது, பிறகு திரும்பி மேலே வந்தது. றஞ்சிதா கைப்பையிலிருந்து போனை எடுத்து, படத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். ஒரு வேலியோரம் நிற்கிற படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான்.

“ஒண்டு அடிச்சுத் தாங்கோ அக்கா. ஒரேயொரு அட்டை. கந்தோருக்குக் காட்ட மட்டும். மாமிக்குத் தெரிய வேண்டாம்.”

“அவ கீழ நிக்கிறாவே?”

“மருந்துக்கடை வாங்கில இருக்கிறா. எனக்கு அங்க குளுசை எடுக்க வேணும், மருந்துத் துண்டை மேல விட்டிட்டன் எண்டு சொன்னனான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்கும் அவரைப் பாக்க வேணும்போலதான் இருந்தது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

துசாந்தினி படத்தைக் கணினிக்கு எடுத்தாள். வேலியை வெட்டினாள். முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாள். பெயர், பிறந்த தேதி. மறைந்த தேதிக்கு முன்னால் விரல் நின்றது. றஞ்சிதா படகு கிடைத்த நாளைச் சொன்னாள். அதையே அடித்தாள். அச்சு இயந்திரம் நூறு அட்டைக்குப் பழகினது. ஒன்றை மட்டும் துப்பிவிட்டு, மிச்சத்துக்குக் காத்திருப்பதுபோல் உறுமிக்கொண்டு நின்றது.

அட்டை அடித்தவுடன் முகம் தானாகவே பட்டியலில் ஏறும். அதுவும் அவள் எழுதினதுதான். திரையில் ஒரு பெட்டி திறந்து, பெயரைக் காட்டி, இவருடையவற்றை வைத்திருக்கவா என்று கேட்டது. ‘ஓம்’, ‘இல்லை’. அவள் ஓம் என்று அழுத்தினாள். நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல ஊரத் தொடங்கியது.

“என்ன அக்கா அது?”

“தேடுது.”

“என்னத்தை?”

“அவரை. பெட்டி முழுக்கத் தேடும்.”

கீழே மார்த்தா காத்திருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். றஞ்சிதா அட்டையைப் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிக்குள் வைத்துக் கைப்பையை மூடினாள். ஆனாலும் போகவில்லை. கோடு பாதியைத் தாண்டியது. பதின்மூன்று வருடத்துக் கலியாணங்களுக்குள்ளும் செத்தவீடுகளுக்குள்ளும் அது புகுந்து வந்துகொண்டிருந்தது. முடிவு என்னவென்று துசாந்தினிக்குத் தெரியும். நிறுத்துகிற பொத்தான் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. இருவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள்.

கோடு வலப்பக்க விளிம்பைத் தொட்டது.

“முடிஞ்சுதோ?” என்றாள் றஞ்சிதா.

“முடிஞ்சுது.”

றஞ்சிதா திரையைக் குனிந்து பார்த்தாள். அதில் பூச்சியம் என்று இருந்தது. அவள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவ்வளவு நேரம் கழித்து இறங்குகிற சத்தம் மாமிக்குக் கேட்காமல் இருப்பதற்காகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.